அழுக்கு மஞ்சள் ரைசர்

என் சித்தி எந்த ஜன்னலையும் முதலில் கண்ணால் அளந்துவிடுவாள். அதன் வழியாக வெளியே பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால், அவர்கள் உட்காரச் சொல்வதற்குள் கம்பிக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம் என்று மனதுக்குள் குறித்திருப்பாள். திரைச்சீலை தைத்து மாட்டிக் கொடுப்பது அவள் தொழில்.

கடை ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சாவி வெட்டுபவர், மறுபக்கம் கார் மெக்கானிக். சித்தியும் சித்தப்பாவும் குடியிருப்பது அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கடைக்குள் சுவரோரமாகத் துணிச் சுருள்கள் நின்றபடி இருக்கும். எல்லாச் சுருளும் சித்தியைவிட உயரம், ஏனென்றால் அவள் நாலடி பத்து அங்குலம். உள்ளே வருபவர்கள் சுற்றும் முற்றும் பார்த்து, "கடையில யாரும் இல்லையா?" என்பார்கள். சுருள்களுக்கு நடுவிலிருந்து, "இருக்கேன், வாங்க" என்று குரல் மட்டும் வரும்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. திரையைக் கம்பியில் மாட்டி ஓர் இரவு முழுக்கத் தொங்கவிடாமல் சித்தி அதன் கீழ்மடிப்பைத் தைக்க மாட்டாள். வாடிக்கையாளர்கள் தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது. ஒரு முறை வங்கி அதிகாரி ஒருவர், புது வீட்டுக்கு அன்று மாலையே விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போதே தைத்து முடியுங்கள் என்று நின்றார்.

"துணின்னா இறங்கும் மேடம்" என்றாள் சித்தி, ஏணியின் மூன்றாம் படியிலிருந்து. "மேசை மேல ஒரு நீளம், கம்பியில ஒரு நீளம். கம்பியில இருக்கறதுதான் நிஜம்."

"அரை அங்குலம் முன்ன பின்ன இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. அப்புறம் எனக்குத் தூக்கம் வராது. உங்க விருந்தாளிங்களா வந்து தூங்க வைப்பாங்க?"

அந்த அம்மாள் ஓரம் தைக்காத திரையோடு விருந்து வைத்தார். மறுநாள் சித்தி போய்த் தைத்துக் கொடுத்தாள். அவருக்கு மனத்தாங்கல் இருந்தாலும் வேறு கடைக்குப் போகவில்லை. இந்த அம்மாள் மறுபடி வருவார்.

திரை தைக்கும் ஒருத்தி விமானத்திலிருந்து குதிக்கப் போனது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். திரை மாட்டப் போய்த்தான். ஐந்து வருடங்களுக்கு முன், ஊருக்கு வெளியே இருக்கும் சிறிய விமானத் திடலில் பாராசூட் சங்கத்தின் வகுப்பறைக்குத் திரை வேண்டும் என்று அழைத்தார்கள். சித்தி ஏணியில் நின்று கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஆரஞ்சு நிறத் துணியின் கீழே மெல்ல இறங்கி வந்து, பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல் புல்லில் கால் வைத்து நடந்து போனார். சித்தி திருப்புளியை வாயில் கவ்வியபடி அப்படியே நின்றாள். பிறகு பயிற்சியாளரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "அது என்ன துணி?"

துணியைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். காற்றே புகாத நைலான். அதை உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தாள். அடுத்த மாதம் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

சித்தப்பா பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். கையகல மேசையில் குனிந்து வேலை செய்தே பழகியவர், இரண்டாம் மாடி பால்கனியில் நிற்கக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வார். விஷயம் தெரிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஏம்மா, திரை மாட்டப் போனா மாட்டிட்டு வரணும். நீ எதுக்கு போய் மாட்டிக்கிட்டு வர்ற?"

என் அம்மா சித்திக்கு அக்கா. அவள் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் குதிப்பதைப் பற்றி மட்டும் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. திடலின் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததும் இல்லை.

சித்தி நன்றாகக் குதித்தாள். இறங்குவதில்தான் சிக்கல். மற்றவர்கள் நின்று இறங்குவார்கள், இவள் உட்கார்ந்து இறங்குவாள். புல்லில் சறுக்கிக்கொண்டே வந்து நிற்பாள். கால்சட்டையின் பின்பக்கம் தேயத் தேயக் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை வைத்து ஒட்டுப்போட்டாள். எந்த வருடம் எந்தப் பூப்போட்ட திரை அதிகம் விற்றது என்பதை அந்தக் கால்சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். திடலில் அவளுக்குப் பெயர் "திரை அக்கா".

இந்த வருடம் பயிற்சியாளர் ஒரு திட்டம் போட்டார். குதிக்கும் பருவத்தின் கடைசி ஞாயிறன்று எட்டுப் பெண்கள் ஒன்றாகக் குதித்து, வானத்தில் கைகோத்து ஒரு வட்டம் அமைக்க வேண்டும். அந்தச் சங்கத்தில் அதுவரை ஐந்து பெண்களுக்கு மேல் ஒன்றாகக் குதித்ததில்லை. ஏழு பேர் முடிவாகிவிட்டார்கள். எட்டாவது இடத்துக்குச் சித்தியின் பெயர் எழுதப்பட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடப்பட்டிருந்தது.

"கேள்விக்குறி எதுக்கு கோச்?" என்று சித்தி கேட்டாள். பயிற்சியாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"அக்கா, காத்துல மிதக்கறதுல, கை கோக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. பிரச்சினை அதுக்கு அப்புறம். எட்டு பேரும் பிரிஞ்சு பாராசூட்டைத் திறப்போம். பக்கத்து ஆள் உங்க மேல வந்துட்டா, திறந்த அந்த நொடியே கை மேல பட்டைக்குப் போகணும், திரும்பணும். உங்களுக்கு எட்டல. ரெண்டு தடவ எம்பித்தான் பிடிக்கிறீங்க."

"எம்பறதுக்குக் கீழ தரையும் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். எட்டினா எட்டு பேர். இல்லேன்னா ஏழு பேரோட முடிச்சுக்கறோம்."

பயிற்சியாளர் சொன்ன பட்டைக்குத்தான் ரைசர் என்று பெயர். குதிப்பவரின் உடம்பைப் பிடித்திருப்பது ஹார்னஸ். அதன் தோள்பகுதியில் தொடங்கி மேலே செல்லும் பட்டைகள் ரைசர்கள். அவற்றின் நுனியில்தான் பாராசூட்டின் கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். திருப்புவதற்கும் வேகம் குறைப்பதற்கும் உள்ள கைப்பிடிகளும் பின் ரைசரின் உச்சியில்தான் இருக்கின்றன. சித்தி இந்த வருடம் தனக்கென்று வாங்கிய பழைய ஹார்னஸ், அவள் அளவுக்குக் குறுக்கித் தைத்திருந்ததால், நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் அதனோடு வந்த ரைசர்கள் முந்தைய சொந்தக்காரருடையவை. அவர் ஆறடிக்காரர். கைப்பிடி எட்டுவதற்கே கையை முழுக்க நீட்ட வேண்டியிருந்ததால், இறங்கும்போது இழுத்து வேகத்தைக் குறைக்கச் சித்தியின் கையில் மிச்சம் நீளம் இருப்பதில்லை. அதற்கு முன் சங்கத்தில் இரவல் வாங்கிக் குதித்தவையும் உயரமானவர்களுக்கானவைதான். ஐந்து வருடமாக அவள் உட்கார்ந்து இறங்கியதற்கும் காரணம் அதுதான்.

புது ரைசர் தேர்ந்தெடுக்க நானும் கூடப் போனேன். விவரப் புத்தகம் அவளுக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

பாராசூட்டுகளை மடித்துச் சரிபார்த்துக் கொடுப்பவருக்குத் திடலின் கொட்டகையை ஒட்டி ஒரு நீண்ட அறை. அவரை எல்லோரும் மடிப்புக்காரர் என்றே அழைத்தார்கள். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்த நீளமான மேசை, பெரிய தையல் இயந்திரம், சுவர் நிறைய கொக்கிகள். சித்தி உள்ளே நுழைந்ததும் இயந்திரத்தின் ஊசியைக் குனிந்து பார்த்துவிட்டு, "பதினெட்டாம் நம்பரா தம்பி?" என்று கேட்டாள். அதிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அவர் இரண்டு மாதிரிகளை மேசையில் வைத்தார். ஒன்று அகலமான பட்டை, கிட்டத்தட்ட மூன்று விரல் அகலம். இன்னொன்று ஒல்லியானது, ஓர் அங்குலம் இருக்கும்.

"அகலம் பழைய பாணி. தேயாது, மாடு மாதிரி உழைக்கும். ஆனா தடிமன். ஒல்லி இப்ப எல்லாரும் போடறது. பாரம் கம்மி, கைக்கு அடக்கம். ரெண்டுமே சின்ன வளையம் வச்சு வருது. உங்க ஹார்னஸுக்கு அது போதும்" என்றார்.

வளையம் என்று அவர் சொன்னது, ரைசரும் ஹார்னஸும் சேரும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிப் பூட்டிக்கொள்ளும் மூன்று இரும்பு வளையங்களை. ஆபத்து வந்தால் ஒரே இழுப்பில் அவை கழன்று, கெட்டுப்போன பாராசூட்டை விட்டுவிடும். சித்தி இரண்டு பட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். துணி வாங்கும்போதும் அவள் அப்படித்தான் செய்வாள்.

"ஒல்லிதான். என் கை சின்னது. என்ன நிறம் இருக்கு?"

"சிவப்பு, நீலம், கறுப்பு…"

"சிவப்பு" என்றாள், அவர் முடிப்பதற்குள். பிறகு சுவரில் ஓர் ஆணியைப் பார்த்துவிட்டாள். அதில் அகலமான ரைசர் ஒரு ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது. "அது என்ன தம்பி, யாரோ தரையைத் துடைச்சுக் காயப்போட்ட மாதிரி?"

"புதுசுக்கா. ஒருத்தர் தன் பொண்ணுக்காகக் குட்டை அளவுல சொல்லிச் செஞ்சது. அது வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு வளர்ந்துட்டா. நிறம் தங்கம்."

"யார் சொன்னது தங்கம்னு?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"இதுக்குப் பேரு அழுக்கு மஞ்சள். இந்த நிறத்துல என் கடையில ஒரு சுருள் எட்டு வருஷமா நிக்குது. இலவசமாக் குடுத்தாலும் தூக்கிட்டுப் போக ஆளில்ல."

அடுத்தது நீளம். மடிப்புக்காரர் கொட்டகையின் நடுவில் உத்தரத்திலிருந்து தொங்கிய இரும்புச் சட்டத்தைக் காட்டினார். புதிதாகச் சேர்ந்தவர்களை ஹார்னஸோடு அதில் மாட்டித் தொங்கவிட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். அப்போதும் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஹார்னஸ மாட்டிக்கிட்டு அதுல ஒரு நிமிஷம் தொங்குங்கக்கா. நான் அளந்துக்கறேன்."

சித்தி அந்த வரிசையைப் பார்த்தாள். "இத்தனை பேர் முன்னாடி என்னைத் துவைச்ச துணி மாதிரி தொங்கவிடப் போறியா? ஊருக்கே அளவெடுக்கிறவப்பா நான்."

"சித்தி, புத்தகத்துலயும் தொங்கித்தான் அளக்கணும்னு போட்டிருக்கு" என்றேன்.

"புத்தகம் டேப் பிடிக்கத் தெரியாதவங்களுக்கு." ஹார்னஸை மாட்டி, கண்ணாடி முன் விறைப்பாக நின்று, தோள்வளையத்திலிருந்து மடக்கிய விரல் வரை தன் சொந்த டேப்பால் அளந்தாள். "இருபத்தொண்ணு. எழுதிக்கோ. என் டேப் பொய் சொல்லாது."

மடிப்புக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

பொட்டலம் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கடைசி ஞாயிற்றுக்கு முந்தைய வாரம்தான் வந்தது. பிரித்ததும் கடையே ஒரு கணம் வெளிச்சமானதுபோல் இருந்தது. அப்படிச் சிவப்பு. தையல் ஒவ்வொன்றையும் சித்தி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்து, "நல்ல கை" என்று முகம் தெரியாத அந்தத் தையல்காரருக்குச் சான்றிதழ் கொடுத்தாள். ஹார்னஸை எடுத்து வந்து வளையங்களைப் பூட்டினாள். குதிப்பவர்கள் எல்லோருக்கும் முதலில் கற்றுத்தரும் வேலை அது. சனிக்கிழமை திடலுக்குப் போகும் வரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"எங்கயாவது தொங்கிப் பாத்துடணும்" என்றாள்.

"அன்னைக்கு அந்தத் தம்பி தொங்கச் சொன்னப்ப உனக்குக் கௌரவம் போயிடுச்சு" என்றார் சித்தப்பா.

"அது ஊரார் முன்னாடிங்க. இது நமக்குள்ள."

பக்கத்து மெக்கானிக்கிடம் எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பி இருந்தது. அவர் அதன் கொக்கியில் ஓர் இரும்புக் கம்பியை மாட்டி, கம்பியின் இரண்டு முனைகளிலும் ரைசர்களைக் கட்டினார்.

"மேடம், எடை எவ்வளவு? சங்கிலிக்குத் தெரியணும்."

"சங்கிலி எவ்வளவு தாங்கும்?"

"ஒரு லாரி எஞ்சின்."

"அதுக்குக் கீழதான். இழுங்க."

மெக்கானிக் சங்கிலியை இழுத்தார். கடகடவென்று சத்தத்தோடு சித்தியின் குதிகால் எழுந்தது, பிறகு கால்விரல். சித்தப்பா அவள் காலுக்கு அடியில் ஒரு பழைய மெத்தையை நகர்த்திக்கொண்டே இருந்தார், அரையடி உயரத்துக்கு. தொடைப்பட்டைகள் இறுகின. சித்தியின் உடம்பு ஹார்னஸுக்குள் கீழே இறங்கி உட்கார்ந்தது. தோள் வழியாகப் போன பட்டைகள் காதுகளைத் தாண்டி மேலே போயின.

"இப்ப பிடி" என்றார் சித்தப்பா.

சித்தி இரண்டு கைகளையும் தூக்கினாள். கைப்பிடிக்கு நாலு விரல் கீழேயே அவை நின்றுவிட்டன. ஒரு தோளைத் தூக்கிப் பார்த்தாள். எம்பினாள். மொத்த உடம்பும் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வாசலைப் பார்த்து நின்றது.

வாசலில் வங்கி அதிகாரி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பழுது பார்க்க விட்டிருந்த காரை எடுத்துப்போக வந்தவர். இரண்டு கையையும் தூக்கியபடி, கரி படிந்த சங்கிலியில், சிவப்புப் பட்டைகளுக்குக் கீழே தொங்கும் திரைக்கடைக்காரியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"வாங்க மேடம்" என்றாள் சித்தி. வேறு என்ன சொல்வது.

"வரேன், வரேன்." அந்த அம்மாள் கைப்பையை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார். "இப்பவே கீழ்மடிப்பு தச்சுடலாமா, இல்ல இன்னும் ஒரு ராத்திரி தொங்கணுமா?"

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. சித்தப்பாவுக்குப் புரிந்து, சிரிக்கலாமா கூடாதா என்று மெத்தையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சித்தி மேலே தன் விரல்களுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். நின்றுகொண்டு எடுத்த அளவு. மேசை மேல் ஒரு நீளம்.

முதலில் அவள் வயிறு குலுங்கியது. பிறகு ரைசர், கம்பி, சங்கிலி எல்லாம் குலுங்கின. சிரித்துச் சிரித்து அவள் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். "தொங்கவிடாம தச்சுட்டேன் மேடம்" என்றாள், முதுகைக் காட்டியபடி. "நானே."

"எனக்கு இன்னைக்குத் தூக்கம் வரும்" என்றார் அந்த அம்மாள். காரை எடுத்துக்கொண்டு போகும்போது, சமையலறைக்கும் திரை வேண்டும், ஓர் இரவு அல்ல, இரண்டு இரவு தொங்கினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மாடிக்கு வந்ததும் சித்தியின் சிரிப்பு அடங்கிவிட்டது. புதிதாகச் செய்து வர மறுபடி மூன்று வாரம். வட்டம் வரும் ஞாயிறு. அடுத்தது அடுத்த பருவத்தில்தான், அப்போது எட்டுப் பேர் கிடைப்பார்களோ என்னவோ. சிவப்பு ரைசரை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதைப் பார்த்துச் சித்தப்பாவுக்குக் கை ஓடவில்லை. பொய்ப்பல்லுக்கு மெருகு போட எடுத்த தூரிகையால் தேநீரைக் கலக்கிவிட்டார்.

மறுநாள் காலை கடையை அடைத்துவிட்டுத் திடலுக்குப் போனோம். கொட்டகையில் அன்றும் மாணவர் கூட்டம். சித்தி ஹார்னஸை மாட்டிக்கொண்டு நேராகச் சட்டத்தடியில் போய் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா. துவைச்ச துணி ஒண்ணு காயப்போடணும்."

மடிப்புக்காரர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. சட்டத்தில் மாட்டினார், அவள் உடம்பு இறங்கி உட்காரும் வரை பொறுத்தார், கையைத் தூக்கச் சொல்லி அளந்தார்.

"பதினெட்டு."

"பதினெட்டுல உன்கிட்ட எதாவது இருக்கா தம்பி? கறுப்பு, நீலம், எதுவானாலும் சரி."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். சித்தியும் தொங்கியபடியே தலையைத் திருப்பினாள். ஆணியில் அந்த அழுக்கு மஞ்சள் ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது.

"அதுவா?"

"பதினெட்டு. சின்ன வளையம். ஒரு தடவகூட வானத்தைப் பாக்காதது."

"அகலம் வேற."

"அகலம்தான். நீங்க மூணு வாரம் காத்திருந்தா ஒல்லியில சிவப்பு வரும். யோசிச்சுக்கோங்க."

"முதல்ல மாட்டு."

மாட்டினார். சித்தி கையைத் தூக்கினாள். எம்பவில்லை, தோளைச் சாய்க்கவில்லை. மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பதுபோலக் கை போய்க் கைப்பிடியில் உட்கார்ந்தது. பிறகு பட்டையைப் பிடித்துப் பார்த்தாள். அவள் உள்ளங்கைக்கு அது பெரிது, விரல்கள் சுற்றி வந்து மூடவில்லை. இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பிடித்தாள். கடைசியில் பட்டையின் ஓரத்தை மட்டும் நாலு விரலால் கொக்கிபோலக் கவ்வி இழுத்தாள். உடம்பின் அந்தப் பக்கம் எழுந்தது.

"கனமான திரையைக் கம்பிக்குத் தூக்கறப்ப இப்படித்தான் பிடிப்பேன்" என்றாள். "ஓரத்துல."

"நிறம்?" என்றார் மடிப்புக்காரர், சிரிக்காமல்.

சித்தி அண்ணாந்து அந்த மஞ்சளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எட்டாத அழகை வச்சு நான் என்ன பண்ண? இறக்கு என்னை."

மடிப்புக்காரர் அன்றே பாராசூட்டிலிருந்து பழைய ரைசரைக் கழற்றி இதைப் பொருத்தி, கைப்பிடிக் கயிறுகளின் நீளத்தையும் அதற்கேற்பச் சரிசெய்து கொடுத்தார். காலியான ஆணியில் சிவப்பு ஜோடியை மாட்டினார். "இருபத்தொண்ணு நிறைய பேருக்கு எட்டும். ரொம்ப நாள் தொங்காது" என்றார். சித்தி போகும்போது அதை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பயிற்சியாளரோடு தனியாக இரண்டு முறை குதித்துக் காட்டினாள். இரண்டு முறையும் பாராசூட் திறந்ததும் கை ஒரே வீச்சில் போயிற்று. இரண்டு முறையும் வழக்கம்போல உட்கார்ந்தே இறங்கினாள்.

"எட்டுது. அப்புறமும் எதுக்குக்கா உக்கார்றீங்க?"

"தரையைப் பாத்தா கால் தானாத் தூக்கிக்குது கோச். அஞ்சு வருஷப் பழக்கம்."

"தொலையட்டும், அது உங்க கால்சட்டை பாடு" என்று சொல்லிப் பயிற்சியாளர் கேள்விக்குறியை அடித்துவிட்டார்.

ஞாயிறு காலை நாங்கள் கிளம்பும்போது அம்மா காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்பதற்குள் அவளே, "வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்றாள்.

திடலில் காற்று மெதுவாக இருந்தது. எட்டுப் பெண்களும் புல்லில் நின்று, கைகோத்து, வட்டத்தை ஒத்திகை பார்த்தார்கள். ஏழு பேரின் தோள்களில் சிவப்பும் நீலமும் ஒல்லியாகத் தெரிந்தன. சித்தியின் தோளில் மட்டும் அகலமாக அந்த நிறம். அம்மா அவளைக் கூப்பிட்டு, "ஏண்டி, இருக்கிற துணியிலயே கேவலமான துணியைத் தேடிப் போட்டிருக்கியா?" என்றாள். ஐந்து வருடத்தில் குதிப்பதைப் பற்றி அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான். சித்திக்கு வாயெல்லாம் பல்.

விமானம் ஏறி ஏறி ஒரு புள்ளியானது. சித்தப்பா யாரிடமோ கேட்டு வாங்கிய தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விழறாங்க" என்றாள் அம்மா. "ஒண்ணு, ரெண்டு… கிட்ட வர்றாங்க. கையைப் பிடிச்சுட்டாங்க. ஒரு இடம் காலியா இருக்கு." அவள் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்ற மடிப்புக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். "வந்துட்டா. பிடிச்சுட்டா. வட்டம். முழு வட்டம்டா."

எங்கள் வெறுங்கண்ணுக்கு அது நீலத்தில் ஒரு சின்ன வளையல். சில நொடிகள் அப்படியே மிதந்தது. பிறகு உடைந்து எட்டுத் திசையிலும் சிதறியது. பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. சித்தியுடையது வெள்ளையில் பச்சைக் கோடு. அது திறந்த நேரத்தில் பக்கத்து ஊதா பாராசூட் எதிர்பாராத பக்கம் திரும்பி, நேராக அவளை நோக்கி வந்தது.

"ஐயோ, அந்தப் பொண்ணு ஏன் இவ மேல வர்றா?" என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் பச்சைக் கோடு சாய்ந்து, வலப்பக்கம் வழுக்கி விலகியிருந்தது. ஊதாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வீடு கட்டும் அளவுக்கு இடம்.

"பிடிச்சுட்டாங்க" என்றார் மடிப்புக்காரர். "ஓரத்துல."

சித்தப்பா கண்ணைத் திறந்தார்.

ஊதா பாராசூட்டுக்காரி முதலில் இறங்கி, துணியைச் சுருட்டாமலே, சித்தி இறங்கும் பக்கம் ஓடினாள். சித்தி புல்வெளிக்கு மேல் வந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தடி உயரத்தில் கால் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அம்மா முன்னால் போய், வீட்டில் கத்துவதுபோல, "காலைக் கீழ வைடி" என்று கத்தினாள். கால் இறங்கியது. சித்தி இரண்டு கைகளையும் மேலிருந்து கீழ்வரை முழுசாக இழுத்தாள். அந்த ஐந்து வருடத்தில் அவள் கைக்குக் கிடைக்காத அத்தனை நீளமும் அந்த இழுப்பில் இருந்தது. பாராசூட் காற்றில் ஒரு கணம் நின்றது. சித்தியின் இரண்டு பாதங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லைத் தொட்டன. பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல.

நின்றாள். பின்னால் துணி மெல்ல அமிழ்ந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிவந்த ஊதாக்காரியையும் முந்திக்கொண்டு அம்மாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். "நின்னுட்டு மறுபடி எதுக்குடி உக்கார்ற?"

"கால்சட்டைக்கு ஏக்கமாயிடும்க்கா" என்றாள் சித்தி. பக்கத்துப் புல்லைத் தட்டிக் காட்டினாள். அம்மா ஒரு முறை சுற்றிலும் பார்த்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு அவளருகே உட்கார்ந்தாள்.